கால் நீட்ட இடம்

எங்கள் அக்காவின் உயரம் நாலடி பதினோரு அங்குலம். அந்தக் கடைசி அங்குலமும் கொண்டையைச் சேர்த்துத்தான் என்பார் அத்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் கால் தரையில் படாது. கைப்பையைக் கீழே வைத்து அதன் மேல் பாதத்தை ஊன்றிக்கொள்வாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் விமானத்தில் கால் நீட்டி உட்காரும் இருக்கை இலவசமாகக் கிடைத்தது. அதை வைத்து அவள் என்ன செய்தாள் என்பதைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. தம்பிதானே, கொஞ்சம் பெருமையடித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

அக்கா பிசியோதெரபி படித்தவள். ஒரு பெரிய மருத்துவமனையில், முட்டி ஆபரேஷன் முடிந்தவர்களைப் படுக்கையை விட்டு எழுப்பி நடக்க வைப்பதுதான் முதல் வேலை. வலி தாங்காமல் அழுவார்கள், சிலர் திட்டுவார்கள். அவள் எதற்கும் அசைய மாட்டாள். "திட்டறதா இருந்தா நின்னுக்கிட்டே திட்டுங்க. அப்பதான் எனக்குக் கேக்கும்" என்பாள். அவர்களும் கோபத்திலேயே எழுந்து நின்றுவிடுவார்கள்.

ஒருநாள் தோள்பட்டை வலியோடு அங்கே வந்தார் ஒரு வாலிபால் பயிற்சியாளர். மலை மாதிரி இருந்த ஒரு மனிதரை அக்கா அதட்டி அதட்டி மாடிப்படி ஏற வைப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். தன் முறை வந்ததும் தோளைக் காட்டுவதற்கு முன், "எங்க பசங்களுக்கு இந்த மாதிரி ஆள்தாம்மா வேணும், வர்றியா?" என்று கேட்டார். அக்கா அவர் தோளையும் சரிசெய்தாள், வேலைக்கும் போனாள்.

அங்கே போன பிறகுதான் சங்கதி தெரிந்தது. எங்கள் வாலிபால் சங்கத்துக்குப் பெண்கள் அணி, ஆண்கள் அணி, இளையோர் அணி என்று மூன்று அணிகள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பிசியோ. போட்டிகள் நடக்கிற ஊர்கள் எல்லாம் வெகுதூரம். சாலை வழியாகப் போனால் நாம் போய்ச் சேர்வதற்குள் வேறு யாராவது கோப்பையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள். அதனால் எல்லாமே விமானப் பயணம்தான். ஆட்டக்காரர்கள் அவரவர் அணியோடு போவார்கள். அக்காவோ மூன்று அணிகளோடும் போவாள். ஒரு பெட்டியின் துணியைத் துவைத்துக் காயவைப்பதற்குள் அடுத்த பெட்டி வாசலில் நிற்கும்.

அவர்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவது என் வேன். பெண்கள் அணியை முதல்முறை ஏற்றியபோது எனக்குத் திகைப்பாகிவிட்டது. ஆறடிக்குக் குறைந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அடுத்த வாரமே வேனில் ஒரு வரிசை இருக்கையைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டேன். இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் அத்தான் பேப்பர் படிப்பது அதில்தான்.

இப்படிப் பறந்து பறந்து ஒருநாள் அக்கா பெயருக்கு விமான நிறுவனத்திலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே மஞ்சளாய் மின்னும் ஒரு அட்டை. அவள் தங்க உறுப்பினர் ஆகிவிட்டாளாம். அத்தான் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் போய்வந்தார். "தங்கம்ங்க. ஆனா அடகுதான் வைக்க முடியாது" என்று எல்லா வாசலிலும் அதே நகைச்சுவையைச் சொல்லியிருக்கிறார்.

அட்டை இருந்தால் எகானமி டிக்கெட்டிலேயே சில சலுகைகள் உண்டு. ஒரு பெட்டி அதிகம் கொண்டுபோகலாம். முதல் ஆளாக ஏறலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மற்றவர்கள் தனியாகப் பணம் கட்டி வாங்குகிற, முன்னால் நிறைய இடம் இருக்கிற இருக்கையை இலவசமாகவே தருவார்கள். அடுத்த பயணத்தில் அக்காவுக்கு முதல் வரிசை கிடைத்தது. அங்கே உட்கார்ந்த கதையை அவள் சொல்லும்போது சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

"எனக்கு முன்னாடி ஒரு கட்டில் போடற அளவுக்கு இடம்டா. என் காலு அந்தரத்துல ஆடுது. சும்மா திரும்பிப் பார்த்தேன். பின்னாடி கடைசியில நம்ம ஏணி உட்கார்ந்திருக்கா. முட்டி ரெண்டும் தாடைகிட்ட இருக்கு. அதுக்கப்புறம் அந்த சீட்டு எனக்கு முள்ளு மேல உட்கார்ந்த மாதிரி ஆயிடுச்சு."

ஏணி என்பது அணியிலேயே உயரமான பெண்ணுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். வலைக்கு நடுவில் நின்று எதிரணி அடிக்கிற பந்தைத் தடுப்பவள். அக்கா அன்றைக்கே எழுந்து போய் அவளை முன்னால் அனுப்பிவிட்டு அவள் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஆனால் ஓர் ஏணிக்குத்தான் இடம் கிடைத்தது. மீதிப் பெண்கள் இறங்கியபோது, வெகுநேரம் மடித்து வைத்த குடையை விரிப்பது போல ஒவ்வொரு மூட்டாக நிமிர்த்தினார்கள். மறுநாள் காலையில் ஆட்டம். முதல் இரண்டு செட்டும் கால் எழும்பாமலே போனது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா விமான நிறுவனத்துக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். தங்க உறுப்பினரோடு ஒரே முன்பதிவில் பயணம் செய்கிற எட்டுப் பேர் வரை அதே சலுகை உண்டு. ஆனால் எங்கள் சங்கம் எடுப்பது குழு டிக்கெட். மொத்தமாக எடுப்பதால் அதில் தங்க உறுப்பினரைத் தவிர மற்றவர்கள் இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடியாது. மிஞ்சின இடத்தில் கணினி தூக்கிப் போடும்.

"அப்ப எங்க பொண்ணுங்களைத் தனி புக்கிங்ல போட்டா?"

"உங்களோட சேர்த்துப் போட்டா எட்டுப் பேருக்கும் கிடைக்கும் மேடம்."

போனை வைத்ததும் அக்கா கூடத்துக்கும் சமையலறைக்கும் இரண்டு நடை நடந்தாள். அவள் அப்படி நடந்தால் யாரையோ ஒரு கை பார்க்கப் போகிறாள் என்று அர்த்தம்.

அந்த யாரோ, சங்கத்தின் செயலாளர். நல்ல மனிதர், கை சுத்தமானவர், ஆனால் பழகிப்போன தடத்தை விட்டு ஓரடி நகர மாட்டார். குழு டிக்கெட் என்றால் ஒரே போனில் வேலை முடிந்துவிடும். இரண்டாகப் பிரிப்பது அவருக்குத் தலைவலி.

"மூணு மணி நேரம்தானேம்மா" என்றார் அவர். "அதுக்குள்ள காலு என்ன கழண்டா விழுந்துடும்? எல்லாரும் அப்படித்தானே போறாங்க."

"எல்லாரும் இறங்கினதும் வீட்டுக்குப் போறாங்க சார். இவங்க இறங்கி ஆகாயத்துல குதிக்கணும்."

"பார்க்கலாம், பார்க்கலாம்."

செயலாளர் 'பார்க்கலாம்' என்றால் அதோடு முடிந்தது என்பது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அதனால் அவள் மேற்கொண்டு பேசவில்லை. வரப்போகிற பெரிய போட்டி பற்றி அடுத்த சனிக்கிழமை கூட்டம் இருந்தது. அன்று காலை என்னைக் கூப்பிட்டு, "வேன்ல நம்ம வீட்டு நாற்காலியெல்லாம் ஏத்துடா" என்றாள்.

"எதுக்கு?"

"ஏத்துன்னா ஏத்து."

சங்க அலுவலகம் இரண்டாவது மாடியில். லிஃப்ட் இல்லை. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா அங்கிருந்த பெரிய மேசையைச் சுவரோரமாகத் தள்ளச் சொன்னாள். பிறகு பையிலிருந்து கட்டுப் போடுகிற துணிச் சுருள் ஒன்றை எடுத்தாள். அதில் ஒரு முடிச்சு இருந்தது. போன பயணத்தில் முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவே பிடித்துப் பார்த்துப் போட்ட முடிச்சாம். அந்த அளவுக்குச் சரியாக நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, நகராதபடி நாற்காலிக் கால்களைக் கயிற்றால் பிணைத்தாள்.

செயலாளர் வந்ததும், "என்னம்மா இது, பஸ்ஸா?" என்று கேட்டார்.

"உட்காருங்க சார். இன்னைக்குக் கூட்டம் இப்படித்தான்."

அவரை முன் நாற்காலியில் உட்கார வைத்து, அவருக்கு நேர் பின்னால் ஏணியை உட்கார வைத்தாள். பயிற்சியாளர், அணித் தலைவி, நான் எல்லோரும் ஆளுக்கொரு நாற்காலியில் அமர்ந்தோம். கூட்டம் தொடங்கியது. புது உடை, தங்குகிற இடம், பயிற்சி நேரம் என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். ஏணி கொஞ்சம் அசைந்தால் போதும், செயலாளர் முதுகில் ஒரு இடி. முதல் முறை திரும்பிப் பார்த்தார். "சாரி சார்" என்றாள் அவள். இரண்டாவது முறை தோளை நெளித்தார். "சாரி சார்." அதன் பிறகு அவர் 'உடை' என்று சொல்ல வாயெடுத்தால் 'உ' என்று பாதியில் நின்று, ஓர் இடி வாங்கி, 'டை' என்று முடிக்கும் நிலைமை. அணித் தலைவி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடியும்வரை காத்திருந்தாள். பிறகு, "ஏணி, எந்திரிம்மா" என்றாள்.

ஏணி எழுந்தாள். எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சுவர்ல மேல ஒரு ஆணி தெரியுது பாரு. வழக்கமா உனக்கு அது ஒண்ணுமே இல்ல. குதிச்சுத் தொடு."

அவள் குதித்தாள். கை ஆணிக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. இறங்கும்போது ஒரு கால் மடங்கி, அக்காவின் தோளைப் பிடித்துச் சமாளித்தாள். "மரத்துப் போச்சுக்கா" என்று அவள் சொன்னபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. விளையாட்டாக ஆரம்பித்த அந்தப் பெண்ணின் கண்ணே கலங்கியிருந்தது.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தனி டிக்கெட்டாவே போட்டுடுங்கம்மா" என்றார். பிறகு முதுகைத் தடவிக்கொண்டு, "ஆனா தயவுசெஞ்சு இந்தப் பொண்ணை என் பின்னாடி மட்டும் உட்கார வைக்காதீங்க" என்றார்.

அடுத்த சிக்கல் அணிக்குள்ளேயே கிளம்பியது. ஆட்டக்காரிகள் பன்னிரண்டு பேர், இருக்கைகள் எட்டு. யார் யாருக்கு? முதலில் களமிறங்குகிற ஆறு பேருக்குத்தான் முன்னுரிமை என்று அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். அக்கா பயிற்சிக் கூடத்தில் எல்லோரையும் சுவரில் முதுகு படும்படி பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தாள். பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, முட்டியை மடித்துக் காலைத் தரையில் ஊன்றச் சொன்னாள். யாருடைய முட்டி அதிகம் முன்னால் வருகிறது என்று பக்கவாட்டில் நின்று பார்த்தாள்.

அதில் ஒரு வேடிக்கை. அணியிலேயே பேர் போன இடதுகை ஆட்டக்காரி ஒருத்தி உண்டு. பார்வையாளர்கள் அவளுக்காகவே வருவார்கள். அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அதுவரை களத்தில் ஒரு பந்தைக்கூடத் தொடாத மாற்று ஆட்டக்காரிக்குக் கிடைத்தது.

"என்னக்கா, என்னைவிட அவ பெரிய ஆளா?" என்று இடதுகைக்காரி முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"ஆளுல நீதான் பெரிய ஆளு. காலுல அவதான் பெரிய ஆளு. உனக்கு உசரமெல்லாம் இடுப்புக்கு மேலம்மா, நான் என்ன பண்ண?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வேனில் விமான நிலையம் போகும்வரை என் பக்கத்து இருக்கையில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

இவ்வளவு பாடுபட்டு எல்லாம் கூடி வந்தது என்று நினைத்தால், விமான நிலையத்தில் இன்னொன்று காத்திருந்தது. பெட்டிகளை இறக்கிவைக்க நானும் உள்ளே போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"மேடம், விமானம் மாறிடுச்சு. வேற மாடல் வருது. சிஸ்டமே சீட்டையெல்லாம் மாத்திப் போட்டிருக்கு."

"எங்க பொண்ணுங்களுக்கு?"

"எல்லாம் பின்னாடி, நடு சீட்டுங்க. ஆனா உங்களுக்கு முதல் வரிசைதான் மேடம். நீங்க தங்க உறுப்பினராச்சே, உங்க சீட்டைத் தொடவே இல்ல."

கவுண்டருக்கு மேலே அக்காவின் நெற்றியும் கண்ணும்தான் தெரிந்தன. அவள் இரண்டடி பின்னால் நகர்ந்து முழுசாகத் தெரியும்படி நின்றாள்.

"என்னை நல்லாப் பாத்துக்கோங்க. இப்ப இவங்களையும் பாருங்க" என்று பின்னால் கையைக் காட்டினாள். அங்கே வரிசையாகத் தென்னந்தோப்பு மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். "இதுல யாருக்குக் கால் நீட்ட இடம் வேணும்னு நீங்களே சொல்லுங்கம்மா."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரித்தபின் ஒவ்வொருத்தியாக நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் சிரிப்பு நின்று, விரல்கள் வேகமாகத் தட்ட ஆரம்பித்தன. "இந்த விமானத்துல அவசரக் கதவு வரிசை ரெண்டு இருக்கு. இன்னும் ஆள் போடல. ஆனா அதுக்கு எங்க மேலதிகாரி வந்து ஒவ்வொருத்தரையா கேட்டுத்தான் குடுப்பாரு."

மேலதிகாரி வந்தார். அவசரக் கதவு வரிசையில் உட்காருகிறவர்கள் ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்க வேண்டும், மற்றவர்களுக்கு உதவ வேண்டும், உடம்பில் எந்தக் குறையும் இருக்கக் கூடாது என்றார். அதற்குச் சம்மதமா என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டார். ஒவ்வொருத்தியும் பள்ளிக்கூடத்தில் வருகை சொல்வது போல "சம்மதம் சார்" என்றாள். எட்டாவதாக நின்றவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா குறுக்கே புகுந்தாள்.

"இவளுக்கு வேண்டாம் சார். முட்டியில அடி, உள்ள பட்டை கட்டியிருக்கேன். கதவுப் பக்கம் இவ உட்காரக் கூடாது."

பேன்ட்டுக்குள் இருந்த பட்டை வெளியே தெரியவே இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மேலதிகாரி ஏழு பேரோடு எழுதுவதை நிறுத்தினார். "அப்ப இந்த ஒருத்தருக்கு என்ன பண்றதும்மா?"

"என் முதல் வரிசையை இவளுக்குக் குடுங்க. என்னை எங்க வேணும்னாலும் போடுங்க."

"தங்க உறுப்பினரைக் கடைசி வரிசையில போட்டதா சரித்திரமே இல்லையேம்மா" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

"இன்னைக்கு எழுதிக்கோங்க."

எட்டுப் பேருக்கும் போர்டிங் பாஸ் கைக்கு வந்தது. ஏணி தன்னுடையதை இரண்டு முறை படித்துவிட்டு, குனிந்து அக்காவின் உச்சந்தலையில் ஒரு முத்தம் கொடுத்தாள். அக்கா "ச்சீ, எல்லாரும் பாக்கறாங்க" என்று தட்டிவிட்டாள். ஆனால் அவள் முகத்தை நான் பார்த்தேன். அந்த மாதிரி ஒரு முகத்தை அவள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. அத்தானிடம் இதைச் சொல்லிவிட வேண்டாம்.

விமானத்துக்குள் நடந்தது அக்கா வந்து சொன்னது. அவளுக்குக் கடைசி வரிசையில், கழிவறைக்கு முன்னால் நடு இருக்கை. பக்கத்தில் யார் என்றால், இடதுகைக்காரி. அக்கா தன் பாட்டுக்கு அவளுடைய கையை எடுத்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை அமுக்கிவிட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் அவளை எழுப்பி நடைபாதையில் நடக்க விட்டாள். மூன்றாவது நடையில் அவள், "அக்கா, உன் காலு தரையில படவே இல்லையே, மரத்துப் போகலையா?" என்று கேட்டு, தன் பையை எடுத்து அவள் காலுக்குக் கீழே தள்ளினாளாம். அதோடு கோபம் தீர்ந்தது.

மறுநாள் ஆட்டம், எப்போதும் எங்களை ஊதித் தள்ளுகிற அணியோடு. வீட்டுக் கூடத்தில், அந்த வேன் இருக்கையில் அத்தானும் நானும் உட்கார்ந்து போனில் பார்த்தோம். முதல் செட்டிலேயே வித்தியாசம் தெரிந்தது. ஏணி வலைக்கு மேலே எழும்பிய எழும்பலில் எதிரணிக்காரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சும்மா விட்டுவிடுகிற ஆட்கள் இல்லை அவர்கள். இரண்டு செட்டைப் பிடித்தார்கள். ஐந்தாவது செட் வரை போய், கடைசிப் பந்தை இடதுகைக்காரி மூலையில் இறக்கினாள். அத்தான் நின்றுகொண்டு கத்தியதில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.

அந்தப் போட்டியில் எங்களுக்கு மூன்றாம் இடம். சங்கத்தின் பெண்கள் அணி அதுவரை பதக்கமே வாங்கியதில்லை. இருக்கையால்தான் ஜெயித்தோம் என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. "ஜெயிச்சது அவங்க. நான் உட்கார வெச்சேன், அவ்வளவுதான்" என்பாள். ஆனால் பயிற்சியாளர் என்னிடம் வேனில் வைத்துச் சொன்னார்: "வழக்கமா மூணாவது செட்லதான் இவங்களுக்குக் கால் முழிக்கும் தம்பி. இந்தத் தடவை முதல் பந்துலயே முழிச்சிருந்துச்சு."

இப்போது மூன்று அணிக்கும் செயலாளரே அக்காவின் முன்பதிவோடு சேர்த்துத்தான் டிக்கெட் போடுகிறார். போன மாதம் ஆண்கள் அணித் தலைவன் வீட்டுக்கே வந்து, "அக்கா, இந்த வருஷம் எங்களோட எல்லாப் பயணத்துக்கும் வந்துடுங்க" என்று கெஞ்சினான். "என் கைக்காகக் கூப்பிடறியா, என் அட்டைக்காகக் கூப்பிடறியா?" என்று கேட்டாள் அக்கா. "ரெண்டுக்கும்தான்க்கா" என்றான். "உண்மையைச் சொன்னே, வரேன். ஆனா சீட்டு பிரிக்கிறது நான்தான். அதுல எவனும் வாயைத் திறக்கக் கூடாது."

பதக்கம் வாங்கிய அன்று எடுத்த படம் ஒன்றை என் வேனில் முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். வரிசையில் நின்றால் அக்கா தெரிய மாட்டாள் என்று, ஏணி அவளை அப்படியே அலாக்காகத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அக்கா கையில் பதக்கத்தை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். ஏறுகிறவர்களில் யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்டுவிடுவார்கள்.

"இவ்வளவு உசரமான பொண்ணுங்க நடுவுல அந்தக் குழந்தை யாருப்பா?"

"குழந்தை இல்லைங்க" என்பேன், வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிக்கொண்டே. "எங்க அக்கா."